போர் என்று சொல்லாவிட்டாலும் போர்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

எல்லையில் குண்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தொலைக்காட்சி விவாதங்களிலும் நாளேடுகளின் நடுப்பக்கங்களிலும் ஒரு வாதம் தவறாமல் தலைகாட்டுகிறது: "முறைப்படி போர் அறிவிக்கப்படவில்லை, அதனால் ஜெனிவா உடன்படிக்கை இங்கே செல்லாது." போரில் காயமுற்றோரையும் கைதிகளையும் பொதுமக்களையும் காக்கும் அந்த உடன்படிக்கை இன்றைய வடிவம் பெற்ற 1949-க்கு முன்பு என்றால் இந்த வாதத்துக்கு ஓரளவு இடம் இருந்தது. இன்று இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

அறிவித்துவிட்டுத்தான் போர் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் பழையது. ரோமாபுரியில் அதற்கென்றே இருந்த குருமார்கள் எதிரி நாட்டுக்குப் போய்க் குறையைச் சொல்லி, 33 நாள் கெடு வைத்து, அதன் பிறகே எல்லைக்கு அப்பால் ஈட்டி எறிந்தார்கள். 1625-ல் டச்சுச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸும் அறிவிப்பை வலியுறுத்தினார். நடைமுறையோ வேறு. ஆங்கிலக் கால்வாயின் அடியில் சுரங்கப்பாதை தோண்டலாமா என்ற பேச்சு பிரிட்டனில் எழுந்தபோது, முன்னறிவிப்பு இல்லாமல் படை வந்து இறங்கிவிடுமோ என்ற அச்சமும் கூடவே எழுந்தது. பழைய போர்களின் கணக்கைப் புரட்டிப் பார்த்த ஜான் பிரடெரிக் மாரிஸ் என்ற ராணுவ அதிகாரி 1883-ல் தந்த விடை: 1700 முதல் 1870 வரை நடந்த மோதல்களில் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டவை பத்துகூடத் தேறாது.

இதை எழுத்தில் சட்டமாக்க வைத்தது, சீனக் கரையில் ரஷ்யா வைத்திருந்த கடற்படைத் துறைமுகமான போர்ட் ஆர்தர். 1904 பிப்ரவரி 6-ம் தேதி ஜப்பான் ரஷ்யாவுடன் தூதரக உறவை முறித்தது. 8-ம் தேதி இரவு அதன் டார்பிடோ படகுகள் போர்ட் ஆர்தரில் நின்ற ரஷ்யக் கப்பல்களைத் தாக்கின. போர் அறிவிப்பு 10-ம் தேதிதான் வந்தது. 1907 அக்டோபர் 18-ல் கையெழுத்தான மூன்றாவது ஹேக் உடன்படிக்கை இதற்குக் கொடுத்த மருந்து எளிமையானது. காரணம் காட்டும் போர்ப் பிரகடனம், அல்லது 'இன்னதைச் செய்யாவிட்டால் போர்' என்னும் இறுதி எச்சரிக்கை, இரண்டில் ஒன்று இல்லாமல் சண்டையைத் தொடங்கக் கூடாது. நடுநிலை நாடுகளுக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும், தந்தியே போதும்.

ஓட்டை அங்கேயே இருந்தது. அறிவிப்புக்கும் முதல் குண்டுக்கும் இடையே 24 மணி நேரமாவது வேண்டும் என்று நெதர்லாந்து முன்வைத்த யோசனையை மாநாடு ஏற்கவில்லை. ஆக, உடன்படிக்கையில் எந்தக் கால இடைவெளியும் எழுதப்படவில்லை.

1914-ல் எல்லாரும் சடங்கைச் சரியாகத்தான் செய்யப் பார்த்தார்கள். ஆஸ்திரியா-ஹங்கேரி ஜூலை 28 அன்று செர்பியாவுக்குத் தந்தியிலேயே போர் அறிவித்தது. ஆகஸ்ட் 1 மாலை, ரஷ்ய வெளியுறவு அமைச்சர் சசோனோவிடம் ஜெர்மானியத் தூதர் போர்த்தாலே கொடுத்த பிரகடனத்தில், ரஷ்யா தரக்கூடிய பதிலுக்கு ஏற்ப எழுதி வைத்திருந்த இரண்டு மாற்று வாசகங்களும் நீக்கப்படாமல் அப்படியே இருந்தன. படிவத்தில் 'பொருந்தாததை அடிக்கவும்' என்ற இடத்தில் அடிக்க மறந்த கதை. ஆனாலும் போர் தொடங்கிவிட்டது, யாரும் தாளைத் திருப்பி அனுப்பவில்லை.

ஓட்டையின் முழு அளவு தெரிந்தது 1941 டிசம்பர் 7-ம் தேதி. அமெரிக்காவைத் தாக்க ஜப்பான் போட்ட கணக்குப்படி, 14 பகுதிகள் கொண்ட குறிப்பு வாஷிங்டனில் பிற்பகல் 1 மணிக்கு அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹல்லின் கைக்குப் போக வேண்டும். பேர்ல் துறைமுகத்தில் தாக்குதல் 1.30-க்கு, அதாவது ஹவாய் நேரப்படி காலை 8 மணிக்கு. இடைவெளி அரை மணி. தூதரகத்தில் தட்டச்சு இழுத்துக்கொண்டே போனதில் தூதர் நொமூரா அதைக் கொடுத்தபோது மணி 2.20. குண்டு விழத் தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தாமதத்தைப் பற்றியே பலரும் எழுதுகிறார்கள். நேரத்துக்கு வந்திருந்தாலும் அந்தக் குறிப்பு செல்லுபடியாகியிருக்காது என்பதே எங்கள் கருத்து. பேச்சுவார்த்தையால் இனிப் பயனில்லை என்றுதான் அதில் இருந்தது, போர் என்ற அறிவிப்பு எங்கும் இல்லை. மலாயாவின் கோத்தா பாருவில் அதற்கும் முன்பே ஜப்பானியப் படை இறங்கத் தொடங்கியிருந்தது, பிரிட்டனுக்கு அந்தக் குறிப்புகூடப் போகவில்லை. கால இடைவெளியைச் சொல்லாத உடன்படிக்கை நேர்மையற்றவர்களுக்கு ஆசை காட்டுகிறது என்று, போருக்குப் பின் ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த டோக்கியோ தீர்ப்பாயமும் 1948-ல் குறை கூறியது.

இதைவிடக் கொடிய தந்திரம் ஒன்று அதற்கு முன்பே சீனாவில் அரங்கேறியிருந்தது. தாமதமாக அறிவிப்பது அல்ல, அறிவிக்காமலே இருந்துவிடுவது. 1937 ஜூலையில் தொடங்கிய முழு அளவுப் போரை ஜப்பான் 'சீனச் சம்பவம்' என்றே அழைத்தது. சீனாவும் 1941 டிசம்பர் வரை போர் அறிவிக்கவில்லை. இருவருக்கும் காரணம் இருந்தது. போர் நிலை நிலவுகிறது என்று அமெரிக்க அதிபர் பிரகடனம் செய்தால், அந்நாட்டு நடுநிலைச் சட்டப்படி இருதரப்புக்கும் ஆயுத விற்பனை நின்றுவிடும். போதாக்குறைக்கு, தேசியக் கொள்கையின் கருவியாகப் போரைப் பயன்படுத்துவதில்லை என்று 1928-ல் பாரிஸில் 15 தரப்புகள் கையெழுத்திட்டிருந்தன. ஜப்பான் அவற்றில் ஒன்று. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவும்கூடத் தனிக் கையெழுத்து போட்டிருந்தது. 'போர்' என்ற சொல் குற்றமாகிவிட்டதால் சொல்லை மட்டும் கைவிட்டார்கள். விலை கொடுத்தவர்கள் பிடிபட்ட சீன வீரர்கள். 'இது போரல்ல, எனவே இவர்கள் போர்க்கைதிகள் அல்லர்' என்பது ஜப்பானிய ராணுவத்தின் முடிவாக இருந்ததைத் தீர்ப்பாயம் பதிவு செய்திருக்கிறது.

இந்த அனுபவத்தோடுதான் அடுத்த சட்டங்கள் எழுதப்பட்டன. ஐ.நா. சாசனத்தில் இந்தியாவின் சார்பில் 1945 ஜூன் 26-ல் கையெழுத்திட்டவர் ஆற்காடு இராமசாமி முதலியார். அதன் 2(4) பிரிவு 'போரை'த் தடை செய்யவில்லை, 'பலப்பிரயோகத்தையும் அதைக் காட்டி மிரட்டுவதையும்' தடை செய்தது. 1949 ஆகஸ்ட் 12-ன் நான்கு ஜெனிவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 2-வது பிரிவு இன்னும் வெளிப்படை: அறிவிக்கப்பட்ட போருக்கு மட்டுமல்ல, நாடுகளுக்கிடையே எழும் வேறெந்த ஆயுத மோதலுக்கும், ஒரு தரப்பு அதைப் போர் என்று ஒப்புக்கொள்ளாவிட்டாலும், இவை பொருந்தும். எதிர்ப்பே இல்லாமல் நடக்கும் ஆக்கிரமிப்புக்கும் பொருந்தும். 'ஒரு தரப்பு' என்றுதானே இருக்கிறது, இருதரப்புமே மறுத்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். இருவர் கூடிப் பேசிப் படைவீரனின் பாதுகாப்பைப் பறித்துவிட முடியாது. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் விளக்கமும் அதுவே.

உள்நாட்டு மோதலுக்கு, அதே நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3-வது பிரிவு இருக்கிறது. அங்கே போர்க்கைதி என்ற தகுதி கிடையாது. ஆனால் கொலை, சித்திரவதை, பணயக்கைதி பிடித்தல், முறையான நீதிமன்றமின்றித் தண்டித்தல் ஆகியவை இருதரப்புக்கும் தடை. 2009-ல் இலங்கை அரசு தன் படையெடுப்பை 'மனிதாபிமான நடவடிக்கை' என்றது. பெயரால் அந்தப் பிரிவு விலகிவிடாது. சண்டையின் கடுமையும், எதிர்த்தரப்பு ஒழுங்கமைந்த படையா என்பதுமே அளவுகோல்.

2019 பிப்ரவரி 27-ல் நம் விமானப்படை அதிகாரி அபிநந்தன் பாகிஸ்தானிடம் பிடிபட்டபோது இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போனது. இரு நாடுகளும் போர் அறிவிக்கவில்லை. ஆனாலும் பிடிபட்ட நொடியிலிருந்தே அவர் மூன்றாம் ஜெனிவா உடன்படிக்கையின்படி போர்க்கைதி. 17-வது பிரிவின்படி அவர் சொல்லியாக வேண்டியவை பெயர், பதவி, பிறந்த தேதி, பணி எண், இவ்வளவுதான். விமானத்தைப் பற்றிய கேள்விக்கு 'அதைச் சொல்லக் கூடாது' என்ற பாணியில் அவர் மறுத்தது அந்தப் பிரிவின்படி சரியான பதில். காயத்தோடும் கண்கட்டோடும் அவரைக் காட்டிய காணொளி வெளியானது 13-வது பிரிவுக்கு எதிரானது. போர்க்கைதியை அவமதிப்பிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது அது. மார்ச் 1-ல் அவரை ஒப்படைத்ததை நல்லெண்ணம் என்றது பாகிஸ்தான். நல்லெண்ணம் இருந்திருக்கலாம். சண்டை ஓய்ந்தபின் கைதிகளைத் தாமதமின்றித் திருப்பி அனுப்புவது 118-வது பிரிவின் கடமையும்கூட.

இன்னொரு தெளிவு. யார் தொடங்கியது, அது நியாயமா என்பது ஐ.நா. சாசனத்தின் கேள்வி. எப்படிச் சண்டையிடுகிறார்கள் என்பது ஜெனிவாவின் கேள்வி. முன்னதில் குற்றவாளியான நாட்டின் வீரனுக்கும் பின்னதில் முழு உரிமை உண்டு. இது பலருக்குக் கசக்கிறது. ஆனால் இரண்டையும் கலந்தால், எல்லாத் தரப்பும் தன்னை நியாயவான் என்றே சொல்வதால், எந்தக் கைதிக்கும் பாதுகாப்பு மிஞ்சாது.

'போர்' என்ற சொல் முற்றிலும் செத்துவிட்டது என்றும் சொல்ல மாட்டோம். நம் அரசமைப்பின் 352-வது பிரிவில் நெருக்கடி நிலைக்கான காரணங்களில் அது இருக்கிறது. ஆனால் போரை யார், எப்படி அறிவிக்க வேண்டும் என்ற நடைமுறை அதில் எங்கும் இல்லை. ஏழாவது அட்டவணையின் மத்தியப் பட்டியலில் 15-வது இனமாகப் 'போரும் அமைதியும்' என்று மட்டும் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் நம்மைவிட உஷார். 'போர் அறிவிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும்' இழப்பீடு கிடையாது என்று பாலிசியிலேயே எழுதிவிடுகிறார்கள்.

செய்தி எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். 'ஜெனிவா ஒப்பந்தம்' என்று மொட்டையாகப் போடாமல் நான்கில் எது என்று குறிப்பிடுங்கள்: நிலப்படையில் காயமுற்றோர், கடற்படையில் காயமுற்றோர், போர்க்கைதிகள், பொதுமக்கள். பிடிபட்ட வீரர்களின் படம் வந்தால், எந்த நாட்டு வீரராக இருந்தாலும், முகம் தெரியாதபடி மறைத்து வெளியிடுங்கள். 13-வது பிரிவு கட்டுப்படுத்துவது அரசுகளைத்தான், நாளிதழ்களை நேரடியாக அல்ல. ஆனாலும் அந்தப் படம் எந்த வேடிக்கைக்காக எடுக்கப்பட்டதோ அது நிறைவேறுவது அச்சில் வந்த பிறகுதான்.

இங்ஙனம்,
பன்னாட்டுச் சட்டம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருவர்,
திருச்சி