தேர்வு வந்தால் ஜிம்மை நிறுத்தத்தான் வேண்டுமா?

அன்பு வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தேர்வு நெருங்கினால் போதும், "ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள், படிக்கணும்" என்று கேட்பவர்கள் கூடிவிடுகிறார்கள். தாராளமாக நிறுத்தி வைக்கிறோம். ஆனால் நேரத்தை மிச்சம் பிடிக்க முதலில் கைவைக்க வேண்டியது இதில்தானா?

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா இருக்கும்போதே உடலின் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்குப் போகிறது. மூச்சு வாங்க ஓடும்போது பிடிஎன்எஃப் என்ற புரதம் கூடுகிறது. நரம்பணுக்களுக்கு இடையே புது இணைப்புகள் உண்டாக அது துணைசெய்கிறது. புதிதாகப் படித்தது மனதில் தங்குவதற்கு அந்த இணைப்புகள் வேண்டும்.

நெதர்லாந்தில் செய்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வு எங்களுக்கு மிகவும் பிடித்தது. எந்தப் படம் திரையில் எந்த இடத்தில் வந்தது என்று மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பிறகு ஒரு குழு உடனே 35 நிமிடம் சைக்கிள் மிதித்தது, இன்னொரு குழு நான்கு மணி நேரம் கழித்து மிதித்தது, மூன்றாவது குழு மிதிக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்துச் சோதித்தபோது, நான்கு மணி நேரம் பொறுத்து மிதித்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஒரே ஓர் ஆய்வுதான், வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் மதியம் படித்துவிட்டு மாலையில் வந்து மிதித்துப் பார்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

வெயிட் பக்கமே நின்றுவிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்வீடனில் ராணுவச் சேர்க்கைக்கு வந்த சுமார் 12 லட்சம் இளைஞர்களின் பதிவுகளை அலசி 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 18 வயதில் இதயமும் நுரையீரலும் நல்ல திறனோடு இருந்தவர்கள் அறிவுத்திறன் சோதனையிலும் மேலாக இருந்தார்கள். தசை வலிமைக்கு அப்படிப் பெரிய தொடர்பு தெரியவில்லை. ஒன்றால்தான் மற்றது வந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அதற்காக வெயிட்டை விட்டுவிடவும் வேண்டாம். டிரெட்மில் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள், அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி. குறைந்தபட்சத்தை எடுத்துக்கொண்டால் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். தேர்வு சமயத்தில் அதற்கு மேல் நாங்களே கேட்க மாட்டோம். ராத்திரி கண் விழித்துப் படித்திருந்தால் அன்றைக்கு இங்கே வரவே வேண்டாம், தூங்குங்கள்.

இந்த அரை மணி நேர அட்டவணை வேண்டுமென்றால் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள், உங்கள் படிப்பு நேரத்தை ஒட்டிப் போட்டுத் தருவார். இல்லை, நிறுத்தியே வைக்கலாம் என்றால் அதையும் வரவேற்பில் சொல்லிவிடுங்கள், மீதி நாட்கள் அப்படியே இருக்கும்.

அன்புடன்,
உங்கள் உடற்பயிற்சிக் கூடத்தார்