சோதனை மேசைக்கு ஒரு மேக், ஒரு பழைய ஐபோன்: நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கும் கருவிகள் வாங்கும் பிரிவினருக்கும்,

வணக்கம். "சோதனைப் பிரிவில் இனி எல்லாக் கணினிகளும் விண்டோஸ் மட்டுமே" என்று உங்கள் சுற்றறிக்கை வந்த இரண்டாம் வாரமே, நம் வாடிக்கையாளர்கள் பணம் கட்டும் பக்கம் ஐபோனில் வெறும் வெள்ளையாகத் தெரிந்த அந்த விவகாரம் நடந்தது. விவரம் உங்களுக்குத் தெரியும், அறிக்கையையும் படித்திருப்பீர்கள். அதன் கடைசி வரி "சோதனையில் தவறவிட்டது" என்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். அந்தப் பிழையைப் பார்க்கக்கூடிய ஒரு கருவியும் எங்களிடம் இல்லை என்று அதற்கு முன்பே மூன்று முறை எழுதிக் கேட்டிருந்தோம்.

அன்றிரவு என்ன பாடுபட்டோம் என்பது அறிக்கையில் இல்லை. புது வெர்ஷன் வெளியான மாலையே ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். ஐபோனில் பக்கம் திறக்கிறதாம், ஆனால் வெறும் வெள்ளை. என் கணினியில் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. "ஏதாவது எழுத்து தெரிகிறதா?" என்று கேட்டேன். "ஒண்ணுமே இல்லைங்க, வெள்ளையா இருக்கு" என்றார். குரோம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்று மேலிடத்திலிருந்து செய்தி வந்தது. அவரும் பொறுமையாகப் போட்டுப் பார்த்தார். அதே வெள்ளை. இருக்காதா பின்னே? பக்கத்தைப் படித்துத் திரையில் காட்டும் உள் மென்பொருளைத்தான் பிரவுசரின் எஞ்சின் என்கிறோம். ஆப்பிளின் பிரவுசரான சஃபாரியின் எஞ்சின் வெப்கிட். அவருடைய ஐபோனில் குரோமும் அந்த வெப்கிட்டில்தான் ஓடுகிறது. வேறு எஞ்சினை ஆப்பிள் பல ஆண்டுகளாக ஐபோனுக்குள் விடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்காக 2024-இல்தான் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது.

சக ஊழியர் ஒருவரின் புது ஐபோனை வாங்கிப் பார்த்தோம். பக்கம் அழகாகத் திறந்தது. அப்புறம் எங்கள் குழுவில் இருக்கும் ஒருவர் இரவு பத்து மணிக்கு வீட்டுக்குப் போய், அம்மாவின் ஐபோன் 7-ஐக் கேட்டு வாங்கி வந்தார். அதில் வெள்ளை. பிழை கைக்கு வந்துவிட்டது, ஆனால் உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. ஐபோன் சஃபாரியில் என்ன பிழை என்று பார்ப்பதற்கு ஆப்பிள் தரும் வழி, கேபிள் போட்டு ஒரு மேக்கில் இணைப்பதுதான். எங்களிடம் மேக் கிடையாது. கடைசியில் பிழைச் செய்தியைத் திரையிலேயே அச்சிடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிச் சேர்த்தோம். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்துகளுக்குள் ஒரு வடிவத்தைத் தேடும் குறியீடு அது) "குழு"வின் பெயர் செல்லாது என்று வந்தது. குழு என்றால் அதில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஒரு பகுதி. நம் நிரலில் எந்தக் குழுவுக்கும் பெயரே வைக்கவில்லை! இல்லாத பெயரைத் தேடியே மணி இரண்டரை ஆகிவிட்டது.

தொகைக்குக் காற்புள்ளி போடும் ஒரு வரியில் இருந்தது குற்றம். "இதற்கு முன்னால் இன்ன எழுத்து இருக்கக் கூடாது" என்று சொல்லும் லுக்பிஹைண்ட் முறையை அதில் பயன்படுத்தியிருந்தார்கள். அதுவும் பெயர் வைத்த குழுவும் ஒரே மாதிரிக் குறிகளில் தொடங்குவதால், பழைய எஞ்சின் அதைப் பெயர் என்று எடுத்துக்கொண்டது. குரோமில் அது 2017-இலேயே வந்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸில் 2020-இல் வந்தது. சஃபாரியில் வந்தது 2023 மார்ச்சில், 16.4 வெர்ஷனில். ஐபோன் 7 ஐஓஎஸ் 15-உடன் நின்றுவிட்டது. அதில் பிரவுசர் எஞ்சினை மட்டும் தனியாகப் புதுப்பிக்கவும் முடியாது. தெரியாத இலக்கணம் ஒரு வரியில் வந்தாலும் அந்தக் கோப்பு முழுவதையும் எஞ்சின் நிராகரித்துவிடும். பக்கம் வெள்ளையானது அதனால்தான். திருத்த ஆனது பத்து நிமிடம். கண்டுபிடிக்க எட்டு மணி நேரம். வாடிக்கையாளர்கள் பணம் கட்டும் ஒரு பக்கத்தை, சக ஊழியர் ஒருவரின் அம்மாவுடைய போனில் சோதித்திருக்கிறோம். மறுநாள் காலை வரை அந்த அம்மாவின் கையில் போன் இல்லை. அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

எங்களுக்கு வேண்டியது ஒரு மேக், ஐஓஎஸ் 15-இல் நிற்கும் ஒரு பழைய ஐபோன். அவ்வளவுதான்.

ஒரே இயங்குதளம் என்றால் பராமரிப்பு எளிது என்கிறீர்கள். சரி, ஒன்றுதான் என்று முடிவெடுத்தாலும் விண்டோஸ் எப்படிச் சரியான தேர்வாகும்? லினக்ஸை எந்தக் கணினியிலும் மெய்நிகர் இயந்திரமாக, அதாவது கணினிக்குள் இன்னொரு கணினியாக, ஓட்டலாம். மேக்ஓஎஸ் அப்படியில்லை. ஆப்பிள் கணினியில் மட்டுமே ஓட்டலாம் என்கிறது அதன் உரிமம். கணினித் திரையிலேயே ஐபோனைப் போலச் செய்து காட்டும் ஆப்பிளின் சிமுலேட்டரும் மேக்கில் மட்டும்தான் ஓடும். விண்டோஸுக்கான சஃபாரி 2012-லேயே நின்றுபோனது. குரோமும் எட்ஜும் 2020-இலிருந்து ஒரே எஞ்சின். எனவே விண்டோஸில் எத்தனை பிரவுசர் நிறுவினாலும் சஃபாரி என்ற ஓட்டை அடைபடாது.

அதற்காக விண்டோஸ் கணினிகளை எடுத்துவிடச் சொல்லவில்லை. அவையும் வேண்டும். புது மேக்குகளில் ஏஆர்எம் என்ற வேறு வகைச் சிப்புக்கான விண்டோஸ் பதிப்பைத்தான் மெய்நிகராக ஓட்ட முடியும், நம் வாடிக்கையாளர்களிடம் பெரும்பாலும் இருப்பது அதுவல்ல. மேக்கில் மறைந்திருக்கும் ஸ்குரோல்பார் விண்டோஸில் இடத்தை அடைத்துக்கொள்ளும், திரையின் முழு அகலத்துக்குப் போட்ட கட்டம் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். லினக்ஸையும் விட முடியாது. படக் கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வரில் அந்தப் படம் வராது. பிரவுசர்களைத் தானாக இயக்கிச் சோதிக்கும் பிளேரைட் போன்ற கருவியில் வெப்கிட் இருக்கிறதே என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இருக்கிறது, தினமும் அதை ஓட்டுகிறோம். அதில் இருப்பது புது வெப்கிட். அன்றிரவும் பிழை இல்லை என்று பச்சை விளக்குத்தான் காட்டியது.

வடிவமைப்புப் பிரிவில் எல்லோருக்கும் மேக் இருக்கிறது. நிரல் எழுதுபவர்களுக்குக் கேட்ட கருவி ஒரு வாரத்தில் வருகிறது. தப்பு கண்டுபிடிக்க வேண்டிய எங்களுக்கு மட்டும் மிஞ்சியதுதான் வரும். எந்தக் கணினியில் சோதிப்பது என்று முடிவெடுத்த கூட்டத்தில் சோதனை செய்பவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் பிழை வெளியே போனதும் முதலில் எழுதப்படுவது எங்கள் பெயர். பல வருடமாக இதுதான் நடக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகிப் போய்விட்டேன். அடுத்த வெளியீட்டுக்கு முன்பாக ஒரு மேக்கும் ஒரு பழைய ஐபோனும் சோதனை மேசைக்கு வர ஆவன செய்யும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இந்த இரண்டிலும் ஓட்டிப் பார்க்காமல் எந்த வெர்ஷனும் வெளியே போகக் கூடாது என்று ஒரு விதியையும் அதே சுற்றறிக்கையில் சேருங்கள். அறிக்கையின் கடைசி வரியைத் திருத்த முடியுமானால் எங்கள் குழு நன்றியோடு இருக்கும்.

அந்த ஐபோன் 7-ஐ அதற்குப் பிறகும் இரண்டு முறை இரவல் வாங்கினோம். இன்னொரு முறை கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இப்படிக்கு,
சோதனைப் பிரிவில் பணிபுரியும் ஒருவர்