பலாலியில் ஏறினால் ஒன்றேகால் மணித்தியாலம்

அன்புள்ள பிள்ளைக்கு,

வீட்டுக்குத் திரும்பி வந்து சேர்ந்ததைப் போனில் சொன்னதோடு சரி, மிச்சத்தை எழுதுகிறேன். போனில் நீ அவசரப்படுத்துவாய்.

உன்னைப் பார்க்கச் சென்னைக்கு வந்தபோது டிக்கெட்டில் ஒன்றேகால் மணித்தியாலம் போட்டிருந்தது. எங்கள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் 355 கிலோமீட்டர் வரும். அந்த ஏ.டி.ஆர். பிளேன் மணிக்கு 500 கிலோமீட்டர் போகக்கூடியது. அப்படியென்றால் முக்கால் மணித்தியாலத்தில் இறங்க வேண்டுமே? கணக்கு வாத்திக்கு இதை விட்டுவிட மனம் வருமா. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆகாயத்தில் நின்றது 58 நிமிடம். மிச்சமெல்லாம் நிலத்தில் உருண்டதும், கதவு திறக்கும்வரை காத்திருந்ததும். அந்த 58க்குள்ளும் மெல்ல மெல்ல ஏறுவதற்கு ஒரு பங்கு, சென்னையில் பெரிய பிளேன்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று வட்டமடிக்க ஒரு பங்கு. பலாலி ஓடுபாதை குட்டை, பெரிய ஜெட் இறங்காது. காற்றாடி வைத்த பிளேன்தான். செட்டை மேலே இருப்பதால் யன்னலில் கீழே நன்றாகத் தெரிந்தது. இடப்பக்கம் இருந்தேன். கடல் வந்து கொஞ்ச நேரத்தில் கோடிக்கரைப் பக்கத்துக் கரை தெரிந்துவிட்டது. காங்கேசன்துறையில் இருந்து அது 55 கிலோமீட்டர்தானே. கொடிகாமம் போய் வருகிற தூரம்கூட அதை நெருங்கிவிடும்!

உன்னை முதல் தடவை கொண்டுவந்து விட்ட பயணத்தை நினைத்துப் பார். இரவு பஸ்ஸில் கொழும்புக்கு 400 கிலோமீட்டர் தெற்கே. அங்கே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் முந்திப் போய்க் குந்தியிருந்தோம். அங்கிருந்து 640 கிலோமீட்டர் வடக்கே, வந்த வழியையே திரும்ப அளந்துகொண்டு. தேசப்படத்தை எடுத்துப் பார், கட்டுநாயக்கா, பலாலி, சென்னை மூன்றும் 80 பாகை நெடுங்கோட்டை ஒட்டியே கிடக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்த டிக்கெட்டிலும் ஒன்றேகாலுக்குக் கிட்டத்தான் போட்டிருந்தது. ஜெட் அல்லவா. ஆனால் வீட்டுப் படலையில் இருந்து உன் வாசல் வரைக்கும் அன்றைக்கு 20 மணித்தியாலம், இந்த முறை ஆறரை. அதில் ஒன்றரை மணித்தியாலம் உங்கள் சென்னை ரோட்டில் போனது. அதை நான் எந்தக் கணக்கில் சேர்க்க?

இந்த வழி புதிது என்று உன் கூட்டாளிகள் சொன்னார்கள். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் பிளேனே கொழும்பு இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறையில், அதாவது இதே பலாலியில், இறங்கித்தான் மெட்ராஸ் போனது. பிறகு சண்டை, எல்லாம் பூட்டு. 2019இல் திறந்தார்கள், கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியது. இரண்டு நாட்டுக்கும் நேரமும் இப்போது ஒன்றுதான். 1996இல் எங்கள் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளிவிட்டு 2006இல்தான் பழையபடி இந்திய நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அம்மாவின் மிளகாய்த்தூள் போத்தல் பையின் அடியில் கசிந்துவிட்டது, என் வேட்டி இன்னும் மணக்கிறது. அடுத்த முறை தகர டப்பாவில் அடைத்துத் தருகிறாளாம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதென்றால் கொழும்பு வழியைப் பார்க்காதே. பலாலிக்கு நான் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பேன். பெட்டி பெரிதென்றால் மட்டும் முதலே சொல், ஆட்டோ பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா