மூன்றடி நிலம்

கொழிஞ்சாம்பாறை,
தை 3

அன்புள்ள மயில்சாமி,

திட்ட ஆரம்பிக்காதே. ஏழு மாசமாக ஒரு வரி எழுதவில்லை, ஒப்புக்கொள்கிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் நீ நாலு தரம் ‘ம்’ கொட்டிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவாய். காகிதம் என்றால் முழுசாகப் படித்துத்தானே ஆக வேண்டும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சரோஜாவுக்கு முழங்கால் வலி, பழையதுதான். பொங்கலுக்கு நீ கொடுத்தனுப்பிய நாட்டுச் சர்க்கரை வந்து சேர்ந்தது. வழக்கம்போல எடை குறைவு. ராமன்குட்டி இன்னும் அதே சைக்கிளில்தான் வருகிறான், அதே பெல்தான். அதற்கு மேல் கேட்காதே, எழுத முடியாது.

மகள் பிரசவத்துக்காக சரோஜா டொரொன்டோ போனதும், துணைக்கு நான் போனதும் உனக்குத் தெரியும். துணை என்பது மரியாதைக்குச் சொல்வது. பெட்டி தூக்கத்தான் போனேன். பேத்தி பிறந்த பிறகு அந்த வேலையும் போயிற்று. குழந்தையை நான் தூக்கினால் பெண்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் ‘தலை, தலை’ என்று கத்துகிறார்கள். சரி என்று காலையில் நடக்கப் போய்விடுவேன்.

அந்த நடையில்தான் ஒரு சாலையைப் பார்த்தேன் மயிலா. அதைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஆலன் ரோடு என்று ஒன்று. நம் மூலத்தரை வாய்க்காலைப் பத்து மடங்கு அகலமாக்கித் தார் ஊற்றியதுபோல, பள்ளத்தில் ஓடுகிறது. நடுவில் மெட்ரோ ரயில், இரண்டு பக்கமும் கார். வடக்கே 401 என்ற பெரிய ஹைவேயிலிருந்து ஜம்மென்று இறங்கி வருகிற சாலை, எக்ளிண்டன் என்ற தெருவைத் தொட்டதும் ஒரு சிக்னலில் பட்டென்று நின்றுவிடுகிறது. நேர் எதிரே வீடும் மரமும். அவ்வளவு வண்டியும் அந்த முனையில் இடமும் வலமுமாகத் திரும்ப வேண்டும். மாப்பிள்ளை தினமும் சாயங்காலம் அங்கே சிக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து எங்கள் மேல் எரிந்து விழுவார். “இதுக்கு மேல ரோடு எங்கே மாப்பிள்ளை?” என்று ஒரு நாள் கேட்டேன். “போடவே இல்லை மாமா” என்றார்.

போடவே இல்லையா! நாற்பது வருஷம் சர்வேயில் செயின் பிடித்தவன் நீ, உனக்குத் தெரியும். பாலம் கட்டி, பள்ளம் தோண்டி, பாதி வரை வந்த சாலையை யாராவது விடுவார்களா? தமிழ்ப் புத்தகம் தேடி அங்கே நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தவன், அன்றிலிருந்து இந்தச் சாலையைத் தேட ஆரம்பித்தேன்.

அதன் அசல் பெயர் ஸ்படைனா எக்ஸ்பிரஸ்வே. ஸ்படைனா என்பது அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களின் சொல்லிலிருந்து வந்தது. மேடு என்று அர்த்தம். மேட்டின் பெயரை வைத்துக்கொண்டு பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், பார்.

1953இல் டொரொன்டோவையும் சுற்றுப்பட்ட ஊர்களையும் சேர்த்து மெட்ரோ என்று ஓர் அமைப்பு உண்டாக்கினார்கள். அதற்குத் தலைவர் ஃப்ரெட் கார்டினர். ‘பிக் டாடி’ என்றே பட்டப்பெயர். நம்மூரில் என்றால் பெரியய்யா. அவர் காலத்தில் நகரம் முழுக்க எக்ஸ்பிரஸ்வே வலை பின்ன வரைபடம் தயாரானது. அதில் ஸ்படைனா என்பது வடக்கே 401இலிருந்து தெற்கே நகரத்தின் நெஞ்சு வரை. வழியில் சீடர்வேல் என்ற ஓடைப்பள்ளம், அப்புறம் மேடு, அப்புறம் ஆனெக்ஸ் என்ற பழைய குடியிருப்பு, அதற்கும் கீழே பல்கலைக்கழகப் பகுதி. அறுபதுகளின் ஆரம்பத்தில் அனுமதி கிடைத்து வேலை தொடங்கிற்று. சாலை வருகிறது என்ற நம்பிக்கையில் 401 சந்திப்பிலேயே யார்க்டேல் என்று ஒரு பிரம்மாண்டமான கடைவளாகம் எழுந்து, 1964இல் திறந்தேவிட்டார்கள். சாலையின் முதல் துண்டு அதற்கும் இரண்டு வருஷம் கழித்து 1966இல்தான் வந்தது. கடைக்காரர் எப்போதும் முந்திக்கொள்வார் என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

1969இல் பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. வேலையை நிறுத்திக் கணக்குப் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் ஊர்க்காரர்கள் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். மாணவர், பேராசிரியர், வீட்டுக்காரர் எல்லோரும் கலந்து ‘ஸ்படைனாவை நிறுத்து, நம் நகரத்தைக் காப்பாற்று’ என்று ஒரு கமிட்டி. அதில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மாளின் கதையைக் கேள். நியூயார்க்கில் இதே மாதிரி மன்ஹாட்டனைக் குறுக்கே வெட்டும் ஒரு சாலையை எதிர்த்து வருஷக்கணக்காகப் போராடி, 1968இல் ஒரு கூட்டத்தில் கைதும் ஆனவர். பையன்களை வியட்நாம் போருக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்று அதே வருஷம் குடும்பத்தோடு டொரொன்டோ வந்து வீடு எடுக்கிறார். எங்கே? ஸ்படைனா ரோட்டில்! பெட்டியைப் பிரிப்பதற்குள் அங்கேயும் எக்ஸ்பிரஸ்வே. நம் வாரியர் மாஷ் சனிப்பெயர்ச்சிக்குப் பயந்து சித்தூரிலிருந்து மீனாட்சிபுரத்துக்கு வீடு மாறியது ஞாபகம் வருகிறதா? எனக்கு நூலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. எதிரே இருந்த அம்மாள் முறைத்தாள்.

ஜேக்கப்ஸ் அம்மாள் மட்டும் இல்லை, மார்ஷல் மக்லூஹன் என்ற பேர்போன பேராசிரியரும் சேர்ந்துகொண்டார். விஷயம் ஒன்டாரியோ முனிசிபல் போர்டு முன் போயிற்று. ஊர்த் திட்டத் தகராறுகளை விசாரிக்கிற மாகாண அமைப்பு அது. 1971இல் மூன்று பேர் விசாரித்தார்கள். இரண்டு பேர் ‘சாலை போடலாம்’, ஒருவர் ‘கூடாது’. கூடாது என்றவர்தான் போர்டின் தலைவர்! அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது, எதிர்ப்பாளர்கள் மாகாண மந்திரிசபைக்கு மேல்முறையீடு போனார்கள். பில் டேவிஸ் மாகாண முதல்வராகி மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. ஜூன் 3 அன்று சட்டசபையில் எழுந்து, காருக்காகத்தான் போக்குவரத்து ஏற்பாடு என்றால் ஸ்படைனாவில் ஆரம்பிக்கலாம், மனுஷனுக்காக என்றால் ஸ்படைனாவில் நிறுத்தலாம் என்ற பொருளில் பேசி, நிறுத்தியேவிட்டார். அந்த வருஷம் அக்டோபரில் தேர்தல். ஜெயித்தார். நீ என்ன சொல்லப்போகிறாய் என்று தெரியும். ஆமாம், ஓட்டுக் கணக்கும் இருந்திருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

தோண்டிய பள்ளம் அப்படியே கிடந்தது. ‘டேவிஸ் குழி’ என்று கிண்டல் செய்தார்களாம். கடைசியில் எக்ளிண்டன் வரை மட்டும் தார் போட்டு 1976இல் திறந்தார்கள். 1978இல் ரயிலும் வந்தது. எக்ளிண்டன் வரை சாலையின் நடுவில் ஓடும் அந்த ரயில், அப்புறம் மண்ணுக்குள் இறங்கி அதே சீடர்வேல் வழியாகத்தான் நகரத்துக்குள் போகிறது. பேத்திக்குத் தொப்பி வாங்க சரோஜாவும் நானும் அதில்தான் போனோம்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதையில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனெக்ஸ் தெருக்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்தேன். அழகான செங்கல் வீடுகள், பெரிய மரங்கள். இன்றைக்கு அங்கே ஒரு வீடு வாங்க வேண்டுமென்றால் மாப்பிள்ளை மாதிரி பத்துப் பேர் சேர வேண்டும். காப்பாற்றப்பட்ட இடம் பணக்காரர் இடமாகிவிட்டது. சாலை நின்றுபோன முனையில் இருப்பவர்களோ ஐம்பது வருஷமாகப் புகையும் ஹாரனும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். எழுதத் தெரிந்தவர்கள், பேப்பர்காரர்களைத் தெரிந்தவர்கள் இருந்த தெருவில் சாலை நின்றது. அப்படி ஆள் இல்லாத தெருக்களில் என்ன நடந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். அதற்காக, போட்டிருக்கலாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்த ஓடைப்பள்ளத்தை மேலே நின்று பார்த்தவன் சொல்ல மாட்டான்.

சரி, இதற்காகவா இவ்வளவு எழுதுகிறான் என்கிறாயா? விஷயத்துக்கு வருகிறேன்.

பதினாலு வருஷம் முதல்வராக இருந்த டேவிஸ், 1985இல் பதவியை விட்டுப் போகிற கடைசி நாட்களில் ஒரு காரியம் செய்தார். சாலை நிற்கிற இடத்தில், எக்ளிண்டனின் தெற்கு ஓரத்தில், மூன்றடி அகலத்தில் ஒரு துண்டு நிலத்தை டொரொன்டோ நகரத்தின் கையில் ஒப்படைத்துவிட்டார். மூன்றே அடி! அப்போது சாலை போட ஆசைப்பட்ட மெட்ரோ வேறு, சாலை வேண்டாம் என்ற நகரம் வேறு. இனி யார் வந்து சாலையை நீட்ட நினைத்தாலும் அந்த மூன்றடியைத் தாண்ட நகரம் சம்மதிக்க வேண்டும். வேண்டாம் என்று வாயால் சொன்னது 1971. காகிதத்தில் பூட்டுப் போட்டது 1985. மாவேலி நாட்டில் பிறந்தவனுக்கு மூன்றடி என்றால் சும்மாவா? இங்கே வாமனர் மகாபலியிடம் மூன்றடி கேட்டு ஒரு ராஜ்யத்தையே வாங்கிக்கொண்டார். அங்கே மூன்றடி கொடுத்து ஒரு ஊரைக் காப்பாற்றினார்கள்.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தம்பி முருகேசனின் தோப்புதான் கண்ணுக்குள் நின்றது.

அந்தக் கல்லை நீ பார்த்திருக்கிறாய். 1997இல், அப்பா இருந்தபோது, பைபாஸ் வருகிறது என்று ஆள் வந்து தோப்பில் நாலு கல் நட்டுவிட்டுப் போனார்கள். அப்பா அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். பைபாஸும் வரவில்லை, கல்லைப் பிடுங்கவும் யாரும் வரவில்லை. கள் இறக்க வருகிறவர் அதில் கத்தி தீட்டுகிறார். நாங்களும் மறந்துவிட்டோம். நான் ஊரில் இல்லாதபோது முருகேசன் சின்னவள் கல்யாணத்துக்காக ஒரு ஏக்கர் விற்கப் பேசியிருக்கிறான். வாங்க வந்த கோயமுத்தூர்க்காரர் கல்லைப் பார்த்துவிட்டு அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கடன் கேட்டுப் போன இடத்தில் ‘இது ரோடு போகிற இடம்’ என்கிறார்கள். ஆபீஸில் போய்க் கேட்டால் அங்கே இருந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: “அந்த ரோடெல்லாம் வராது, தைரியமா இருங்க.” அப்படியானால் அதை எழுதிக் கொடுங்கள் என்றால், ரத்து செய்ததாக எங்களுக்குக் கடுதாசி வரவில்லையே என்கிறார். இந்த ‘வராது’வை வைத்துக்கொண்டு என்ன செய்ய? நிலவரி கட்டிய ரசீது ஒவ்வொரு வருஷமும் அவன் பெயரில்தான் வருகிறது. தண்டப்பேர் நம்பர், அதாவது உங்கள் பட்டா நம்பர் மாதிரி, சுத்தமாக இருக்கிறது. (சிரிக்காதே. முப்பது வருஷமாக அந்தச் சொல்லுக்குச் சிரிக்கிறாய்.) நிலம் அவனுடையது, ஆனால் அவனுடையது இல்லை.

டொரொன்டோவிலும் இப்படி ஒன்று உண்டு. நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் ஸ்கார்பரோ பக்கம் போக வேண்டிய எக்ஸ்பிரஸ்வேயை 1974இல் கைவிட்டார்கள். அதற்காக வாங்கிப்போட்ட நிலம் வருஷக்கணக்காகப் புல் முளைத்துக் கிடந்ததாம். ஆனால் அது சர்க்கார் காசு கொடுத்து வாங்கிய நிலம். சும்மா கிடந்தால் சர்க்காருக்கு நஷ்டம். இங்கே காசும் கொடுக்கவில்லை, நிலத்தையும் விடவில்லை. சாலை போட்டிருந்தால்கூட நஷ்டஈடு என்று ஏதாவது வந்திருக்கும். போடாத சாலைக்கு யாரிடம் போய்க் கேட்பது?

முருகேசன் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. சாயங்காலம் அந்தக் கல் மேலேயே போய் உட்கார்ந்துகொள்கிறான். வீட்டில் சின்னவள் தண்ணி கொண்டுவந்து வைத்தாலும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. அவனை இப்படிப் பார்த்ததில்லை மயிலா. அம்மா செத்தபோதுகூட.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். நீ தமிழ்நாட்டு சர்வே, இது கேரள ரெவின்யூ, பாஷையே வேறு, எல்லாம் தெரியும். ஆனால் கல் என்றால் கல்தானே. எந்த நோட்டிஃபிகேஷனில் நட்டார்கள், அதற்கு ஆயுள் எவ்வளவு, எந்தக் காகிதத்தை எந்த வார்த்தையில் கேட்டால் ஆபீஸில் இருப்பவர் சிரிக்க முடியாமல் பதில் எழுதியே ஆக வேண்டும் என்பதெல்லாம் உனக்கு வாசனையிலேயே தெரியும். தகவல் உரிமை மனு போடலாம் என்கிறார் சித்தூரில் ஒரு வக்கீல். போடலாம். ஆனால் என்ன கேட்பது என்று தெரியாமல் போட்டால் ‘தகவல் இல்லை’ என்று ஒரு வரி வரும். அதை வைத்து இன்னும் பத்து வருஷம் ஓட்டிவிடுவார்கள்.

வரும் வெள்ளிக்கிழமை வா. பொள்ளாச்சியில் பஸ் ஏறி நடுப்புணியில் இறங்கிக்கொள். ராமன்குட்டியை அனுப்பட்டுமா என்று கேட்க மாட்டேன், பயப்படாதே, ஆட்டோ வரும். உன் பழைய டேப்பையும் கண்ணாடியையும் மறக்காமல் எடுத்து வா. சரோஜா கனடாவிலிருந்து உனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்திருக்கிறாள். உடுமலை வெயிலில் அதை எங்கே போட்டுக்கொள்வாய் என்று நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு சந்தோஷப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்.

நீ வருகிறாய் என்று முருகேசனிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
கனகராஜ்

பி.கு.: வருகிறபோது சர்க்கரை வேண்டாம். கொண்டுவந்தால் எடை பார்த்துத்தான் வாங்குவேன்.