ஒரே நாளில் பணயம் வைக்கப்படும் உழைப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடியோ கேம் தயாரிப்புச் செலவு கைமீறிப் போய்க்கொண்டிருக்கிறது. 2024 ஆகஸ்டில் சோனி வெளியிட்ட ‘கான்கார்ட்’ என்ற விளையாட்டு இரண்டே வாரத்தில் நிறுத்தப்பட்டது, வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, சரி, ஆனால் வருடக்கணக்கில் உட்கார்ந்து அதை உருவாக்கியவர்கள்? அக்டோபரில் அந்த ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள். செலவில் பெரும்பங்கு சம்பளம்தான். நூற்றுக்கணக்கானவர்கள் ஐந்தாறு வருடம் வேலை பார்க்கும்போது, விளையாட்டு வெளிவரும்வரை வரவே இல்லாமல் மாதாமாதம் பணம் கரைகிறது. ஒரு கதாபாத்திரத்தின் தலைமுடி காற்றில் இயல்பாக அசையவே அவ்வளவு மெனக்கெடுகிறார்கள்! இத்தனை பேர் உழைப்பையும் ஒரே வெளியீட்டு நாளில் பணயம் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் செய்த ‘ஹாலோ நைட்’ என்ற விளையாட்டு லட்சக்கணக்கில் விற்றதே. பெரிய நிறுவனங்களும் சிறிய விளையாட்டுகளுக்குப் பணம் ஒதுக்கட்டும்.

– ஒரு வாசகர்