வெருகலில் இருக்கும் மகனுக்கு

திருகோணமலை
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகன்,

போன் எடுத்தால் "சுகம் அப்பா" எண்டு வைச்சிடுறாய். அதுதான் கடிதம். அம்மா சுகம். முருங்கை காய்ச்சுக் கொட்டுது. மருமகள் போனமுறை வந்தபோது கையில் காப்பைக் காணேல்லை. இறுக்குதெண்டு கழட்டி வைச்சவவாம். பிள்ளை மெலிஞ்சுதானே வந்தவ. சரி, விடு.

உன்னை அங்க ஊழியத்துக்கு அனுப்பின சபையின்ர கமிட்டி அடுத்த வருஷக் கணக்குப் போட இருக்கெண்டு கேள்விப்பட்டன். வெறுங்கையோடு போய் இருக்காதே. கர்த்தர் பார்த்துக்கொள்வார், ஆனால் பொருளாளருக்குத் தாள் வேணும்.

முதலில் பெற்றோல். ஈச்சிலம்பற்று, இலங்கைத்துறை முகத்துவாரம் எண்டு கிழமையில் நாலு நாள், போக வர 60 கிலோமீற்றர் ஓடினால் மாதம் 1000 வந்திடும். லீற்றருக்கு 45 ஓடுற மோட்டார் சைக்கிளுக்கு 22 லீற்றருக்கு மேல். தாளில் ரூபாயாய் எழுதாதே, லீற்றராய் எழுது. விலை ஏறினால் அந்தப் பாரம் சபைக்குப் போகட்டும். உன்ர மாதப் படியையும் பெற்றோல் காசையும் ஒரே தொகையாய்த் தந்தால் விலை ஏறுற மாதம் பால்மா குறையும், 2022 இல் பார்த்தோம்தானே. ஓயில், ரயர், செயின் செற் மூன்றுக்கும் வருஷச் செலவைப் பன்னிரண்டால் பிரிச்சு மாதக் கணக்கிலேயே போடு. கடற்கரை மணலும் உப்புக்காத்தும் செயினைத் தின்னும். ரயர் வெடிச்ச அண்டைக்குப் போய்க் கேட்டால் ஆரும் தரமாட்டினம்.

"காணிக்கை வந்தால் தருவம்" எண்ட பேச்சுக்குத் தலையாட்டாதே. மகன், திரும்பவும் சொல்லுறன், தலையாட்டாதே. ஐப்பசியில் வாடைக்காத்து தொடங்கினால் வள்ளம் இறங்காது, காணிக்கைப் பை மெலியும். அந்த மாதங்களில்தான் உனக்குச் செலவு கூட: வெள்ளம், காய்ச்சல், தையில் பிள்ளையளின்ர கொப்பி, சப்பாத்து. மீன் படுற வைகாசி முதல் ஆவணி வரை சபை கொஞ்சம் கொஞ்சமாய் ஒதுக்கி, மூன்று மாதப் படி தனி வங்கிப் புத்தகத்தில் கிடக்க வேணும். அதிலயிருந்து எடுக்க இரண்டு கையெழுத்து, எல்லாத்தையும் ஒரு ஆளை நம்பி விடக்கூடாது. மெதடிஸ்த மிசனரிமார் 1814 இல் இலங்கைக்கு வரேக்க தலைவர் தோமஸ் கோக் நடுக்கடலில் இறந்துபோனார். பணத்துக்கான ஏற்பாடெல்லாம் அவரோடு. மற்றவர்கள் பம்பாயில் கையில் காசில்லாமல் இறங்கி, ஒரு வணிகரின் கடனில்தான் இங்க வந்து சேர்ந்தவை.

வயது போன காலத்துக்குச் சேர்க்கிற ஊழியர் சேமலாப நிதி பற்றி நீ ஒருநாளும் வாய் திறந்ததில்லை. பத்துப் பேருக்குக் குறைய வேலைக்கு வைச்சிருக்கிற சமய அமைப்புகளுக்கு விலக்கு இருக்கு, அதைச் சொல்லியே தட்டிவிடுவினம். கட்டாயமில்லாட்டிலும் அதே அளவில், உன்னிடம் 8 வீதம், சபை 12 வீதம், உன்ர பேரில் சேமிக்கச் சொல்லு. நாற்பது வயதில் முழங்கால் நோகத் தொடங்கினால்தான் விளங்கும்.

மாதம் ஒரு ஞாயிறு ஓய்வு கேள். தனியாய் விடவேண்டாம், மாதத்தில் இரண்டு நாளாவது துணைக்கு ஒரு ஆளை அனுப்பச் சொல்லு. வேதத்தில் பிலிப்பி சபை பவுலுக்குக் காசை மட்டுமே அனுப்பினது? துணைக்கு எப்பாப்பிரோதீத்து எண்ட ஆளையும் அனுப்பினது, அவர் சாகக் கிடந்து பிழைச்சவர். அறிக்கையில் ஞானஸ்நானம் எத்தனை எண்டு தலை எண்ணினால் சம்மதியாதே. போன வீடுகள், பார்த்த நோயாளிகள், நடந்த ஜெபக்கூட்டங்கள், அது போதும். எண்ணிக்கைக்குப் படி எண்டு வந்தால் எண்ணிக்கை பொய்யாகும். வெள்ள நிவாரணப் பொதியை உன்ர கையில் தரவும் விடாதே. அரிசி கொடுத்து மதம் மாத்த வந்தவன் எண்டு ஊர் நினைச்சால் பிறகு ஒரு படலையும் திறவாது. அதைச் சபை தன்ர ஆட்களைக் கொண்டு, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிக் கொடுக்கட்டும்.

நீ நல்லாய்ப் பிரசங்கிக்கிறாய் எண்டு இங்க வாறவை சொல்லுகினம். அம்மாவுக்குப் பெருமை. எனக்கும்தான்.

மகன், நான் கமிட்டியில் இருந்த காலத்தில் ஊழியரின்ர படியைக் கடைசி வரியில் எழுதினவன். கரண்ட் பில், பெயின்ற், ஒலிபெருக்கி, நத்தார்ச் சாப்பாடு, அதுக்குக் கீழே அவர். மிச்சமில்லாட்டி அடுத்த மாதம். அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காதபடியால் குறையில்லை எண்டு நினைச்சன். எப்ப கண்டாலும் "சுகம் ஐயா" எண்டுதான் சொல்லுவார்.

முருங்கைக்காய் பஸ்ஸில் விட்டிருக்கு, பையின் அடியில் செயின் ஓயிலும் இருக்கு. காப்பை அடைவு வைச்ச துண்டு இருந்தால் படம் எடுத்து அனுப்பு. முடியிற திகதி தெரிஞ்சால் போதும். அம்மாவின்ர போனுக்கு அனுப்பாதே, என்ர போனுக்கு அனுப்பு.

அப்பா