கொத்தனாரிடமிருந்து தொடங்கலாம்

ஐயா, சிமெண்ட் ஆலைகளின் கரியமில வாயு பற்றிய உங்கள் தலையங்கம் படித்தேன். நிலக்கரியைப் பற்றி மட்டுமே அது கவலைப்படுகிறது. ஆனால் சூளையில் சுண்ணாம்புக்கல் வெந்து, அரைத்தால் சிமெண்டாகும் கிளிங்கர் கட்டியாக ஆகும்போது கல்லிலிருந்தே வாயு பிரிகிறது. ஆலையின் மொத்த உமிழ்வில் ஏறக்குறைய 60 சதவீதம் அதுதான். எரிபொருளை மாற்றினாலும் இது நிற்காது. கிளிங்கரைக் குறைப்பதே கைக்கெட்டும் வழி. பிபிசி எனப்படும் சாம்பல் கலந்த சிமெண்டில், கிளிங்கருக்குப் பதிலாக 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் சேர்க்க இந்தியத் தர நிர்ணயமே இடம் தருகிறது.

அரியலூரில் நாங்கள் வீடு கட்டியபோது, "பூச்சுக்கும் சாம்பல் கலக்காத 53 கிரேடு சிமெண்டுதான் வேணும், சாம்பல் சிமெண்ட் சீக்கிரம் இறுகாது" என்று கொத்தனார் பிடிவாதமாக இருந்தார். சரி, ஒரு அறைக்கு மட்டும் பார்ப்போம் என்று பிபிசி வாங்கிப் பூசி, பத்து நாள் காலையும் மாலையும் தண்ணீர் விட்டோம். இன்று மற்ற அறைகளில் மயிரிழை வெடிப்புகள் ஓடுகின்றன. அந்த அறைச் சுவரில் ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்காகத் தோண்டிய பள்ளங்களைத் தினமும் பார்க்கிற ஊர் எங்களுடையது. ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் கல் மிச்சமானாலும் எங்களுக்கு அது பெரிது. எந்த வேலைக்கு எந்தச் சிமெண்ட், எத்தனை நாள் நீராற்ற வேண்டும் என்று கொத்தனார்களுக்கு, அன்றைய கூலியையும் கொடுத்து, அரசு மாவட்டந்தோறும் பயிற்சி நடத்த வேண்டும். அரியலூரிலேயே முதல் வகுப்பைத் தொடங்கலாம்.

– ஒரு வாசகர், அரியலூர்